சீன முதியோர் ஆய்வுத் தரவு: காசுள்ளவர்களுக்கே நோய் அதிகம் என்று வருகிறது, எங்கே பிழை?

குடிநலம்72 கேட்டது:

வணக்கம். பீக்கிங் பல்கலைக்கழகம் நடத்தும் சார்ல்ஸ் ஆய்வின் (45 வயதுக்கு மேற்பட்ட சீனர்களை விடாமல் பின்தொடரும் நெடுங்கால ஆய்வு) 2011, 2013, 2015, 2018 சுற்றுகளை எடுத்திருக்கிறேன். 2011-இல் 60 வயது நிறைந்தவர்களை மட்டும் பிரித்து, ‘மருத்துவர் சொல்லியிருக்கிறாரா’ என்று கேட்கப்பட்ட 14 நாள்பட்ட நோய்களை எண்ணி, அந்த எண்ணிக்கைக்கும் இறப்புக்கும் அன்றாட முடக்கத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்பது திட்டம். வந்த முடிவு தலைகீழாக இருக்கிறது.

படித்தவர், நகரவாசி, வசதியானவர் ஆகியோருக்கே உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றும் அதிகம். கிராமத்து ஏழைக்கு நோயே இல்லை, ஆனால் இறப்பு அங்கேதான் கூடுதல். ரத்த அழுத்தம் ‘உண்டு’ என்றவர்களின் இறப்பு அபாய விகிதம் 1-ஐ விட்டு (அதாவது நோய் இல்லாதவர்களுக்குச் சமம் என்பதை விட்டு) நகரவே மாட்டேன் என்கிறது.

இதுவரை ஓட்டியதெல்லாம் எல்லாச் சுற்றுகளையும் ஒரே வடிவில் ஒத்திசைத்த ஒரே கோப்பை வைத்து. 2011 ரத்தப் பரிசோதனைக் கோப்பை அதோடு இணைத்தால் ஒருவர்கூடப் பொருந்தவில்லை. இறந்த நாளும் பலருக்கு இல்லை.

கூடவே, சீனாவின் 1959–61 பஞ்சத்தை ஒரு காரணியாகச் சேர்க்கச் சொல்கிறார் என் ஆய்வு வழிகாட்டி. பஞ்சக் காலத்தில் கருவில் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை அதிகமா என்று பார்க்க வேண்டுமாம். எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

---

தராசுமுள் பதில்:

முதலில் இணைப்பு, அது ஐந்து நிமிட வேலை. 2011-இல் குடும்ப எண் 9 இலக்கம், ஆள் எண் 11 இலக்கம். 2013 முதல் குடும்ப எண் 10, ஆள் எண் 12. இடையில் பிரிந்துபோன குடும்பங்களைக் குறிக்க ஓர் இலக்கம் கூட்டினார்கள். 2011 கோப்பில் குடும்ப எண்ணின் கடைசியில் ‘0’ ஒன்றை ஒட்டுங்கள். அதன் பின்னால் பழைய ஆள் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை ஒட்டினால் புதிய ஆள் எண் கிடைத்துவிடும். எண்ணை எழுத்துச் சரமாகவே வைத்திருங்கள். எண் வகைக்கு மாற்றினால் 12 இலக்கத்தின் வால் உருண்டு இரண்டு பேர் ஒருவராகிவிடுவார்கள். எக்செலில் ஒருமுறை திறந்து சேமித்தாலே போதும், கோப்பு கெட்டது.

இனி தலைகீழ் முடிவு. உங்கள் கணக்கில் பிழை இல்லை, கேள்வியில்தான் இருக்கிறது. ‘மருத்துவர் சொன்னாரா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்ற பதிலில் இரண்டு வகை ஆட்கள் கலந்திருக்கிறார்கள்: நோய் இல்லாதவர், நோய் இருந்தும் மருத்துவர் பக்கமே போகாதவர். சீனாவில் இரண்டாவது வகை சிறுபான்மை என்று நினைத்துவிடாதீர்கள். 2012–15-இல் 4,51,755 பெரியவர்களிடம் எடுத்த தேசியக் கணக்கில் 23.2 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அது தெரிந்தவர்கள் 46.9 சதவீதம், மருந்து எடுத்தவர்கள் 40.7, கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 15.3. சர்க்கரையில் இன்னும் மோசம். 2013 கணக்கில் பெரியவர்களில் 10.9 சதவீதத்தினருக்கு நோய், அதில் தனக்கு இருப்பது தெரிந்தவர் 36.5 சதவீதம்தான். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் நூற்றுக்கு மூவருக்குக்கூடத் தெரியவில்லை.

ஆக, உங்கள் ‘நோய் எண்ணிக்கை’ பாதி நோயை அளக்கிறது, மீதிப் பாதி மருத்துவமனைக்கு இருக்கும் தூரத்தை அளக்கிறது. ஷாங்காயில் ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியைக்கு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை நடக்கும். கான்சு மலைக்கிராமத்து விவசாயிக்குப் பக்கவாதம் வந்து விழுந்த பிறகுதான் அழுத்தமே அளக்கப்படும். உங்கள் அபாய விகிதம் 1-ஐ ஒட்டி நிற்பதற்கும் இதுவே காரணம். ஒப்பிடும் கூட்டத்துக்குள்ளேயே மருந்து காணாத நோயாளிகள் நிறைந்திருக்கிறார்கள்.

அதனால் அளந்த மதிப்புகளைச் சேருங்கள். ரத்த அழுத்தம் மூன்று முறை அளந்திருக்கிறார்கள். முதல் அளவு பதற்றத்தில் ஏறி நிற்கும், கடைசி இரண்டின் சராசரியை எடுப்பது நல்லது. சராசரி 140/90-ஐத் தொட்டாலோ, இப்போது மருந்து எடுத்தாலோ நோய் உண்டு. சர்க்கரைக்கு: வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 6.5 சதவீதம் அல்லது மருந்து. சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்குத் தனிக் குறி இருக்கிறது. அவர்களுக்கு 126 பொருந்தாது, 200-ஐ வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்புக்குச் சீன மருத்துவ வழிகாட்டு நெறியின் வரம்புகள்: மொத்தக் கொலஸ்ட்ரால் 240, எல்டிஎல் 160, ட்ரைகிளிசரைடு 200, எச்டிஎல் 40-க்குக் கீழ். உடற்பருமனுக்கும் உலக அளவுகோலை எடுக்காதீர்கள். சீன அளவுகோலில் பிஎம்ஐ 24 என்றால் கூடுதல் எடை, 28 என்றால் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செமீ, பெண்ணுக்கு 85.

பிறகு ஆட்களை நான்கு கட்டமாகப் பிரியுங்கள்: (1) நோய் இல்லை; (2) இருக்கிறது, தெரியாது; (3) தெரியும், கட்டுக்குள் இல்லை; (4) தெரியும், கட்டுக்குள் இருக்கிறது. ‘உண்டு/இல்லை’ என்று இரண்டாகப் பிரித்தபோது காணாமல் போன படிநிலை இந்த நான்கில் தெரியத் தொடங்கும். உங்கள் கட்டுரையின் சாரமே இந்த அட்டவணையாக இருக்கலாம்.

சில கண்ணிகள். 2011, 2015 இரண்டு சுற்றுகளிலும் எச்பிஏ1சி இருக்கிறது என்பதற்காக ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து ‘நான்கு ஆண்டில் இவ்வளவு ஏறியது’ என்று எழுதிவிடாதீர்கள். ரத்த மாதிரியைச் சேமித்த விதமும் ஆய்வகமும் மாறினாலே சராசரி நகரும். அந்தந்தச் சுற்றுக்குள் ஒப்பிடுங்கள். கிரியாட்டினினும் சிஸ்டாட்டின்-சி-யும் 2011-இல் இருப்பதால் சிறுநீரக வடிகட்டும் திறனைக் கணக்கிடலாம். ஆனால் ஒரே ஒரு அளவை வைத்து ‘நாள்பட்ட’ என்று சொல்ல முடியாது, அதற்கு மூன்று மாத இடைவெளியில் மறு அளவு வேண்டும். ‘வடிகட்டும் திறன் குறைவு’ என்று மட்டும் எழுதுங்கள்.

---

நாடிபார்ப்பவர் பதில்:

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அளந்த ரத்த அழுத்தத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். களப்பணி பெரும்பாலும் கோடைவிடுமுறையில் கல்லூரி மாணவர்களை வைத்து நடந்தது. சீனாவின் பத்துப் பகுதிகளில் 5,12,000-க்கு மேற்பட்டவர்களைச் சேர்த்த கடூரி உயிரிவங்கி ஆய்வில், கோடைக்கும் குளிர்காலத்துக்கும் மேல் அழுத்தத்தில் சுமார் 10 மிமீ வித்தியாசம் வந்தது. கோடையில் 134 காட்டுபவர் சனவரியில் 144-இல் இருக்கலாம். மையச் சூடேற்றம் உள்ள வீடுகளில் குளிரின் பாதிப்பு மட்டுப்படும். அது இல்லாத கிராமத்து வீடுகளில் அதிகம். ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே நகரங்களில் அரசே குழாய் வழி வீட்டைச் சூடாக்குகிறது, தெற்கே அந்த ஏற்பாடு கிடையாது. ஆகவே அளந்த மாதத்தைக் கட்டாயம் புள்ளியியல் மாதிரியில் ஒரு மாறியாகச் சேருங்கள். முடிந்தால் வடக்கு/தெற்கு என்ற குறியையும் அதோடு பெருக்கிச் சேருங்கள்.

மருந்து எடுப்பவரின் அழுத்தத்தைத் தொடர் எண்ணாகப் பயன்படுத்தினால், மருந்து இறக்கிவைத்த அளவைத் திரும்பக் கூட்ட வேண்டும். மேல் அழுத்தத்துக்கு 10 அல்லது 15, கீழ் அழுத்தத்துக்கு 5 அல்லது 10 கூட்டுவது வழக்கம். இரண்டையும் ஓட்டிப் பார்த்து முடிவு நிலைக்கிறதா என்று பாருங்கள்.

விளைவுகளில் பக்கவாதத்தைத் தனியாக எடுங்கள். மேற்கத்திய ஆய்வுகளைப் பார்த்துப் பழகியவர்கள் மாரடைப்பையே முதல் விளைவாக வைப்பார்கள். சீன முதியோரில் ரத்த அழுத்தத்தின் அடி முதலில் விழுவது மூளையில். மூளைக்குள் ரத்தம் கசியும் வகையின் பங்கும் மேற்கைவிட அதிகம். உப்பும் இதில் சேர்த்தி. அங்கே உப்பின் பெரும்பங்கு பொட்டல உணவிலிருந்து வருவதில்லை, வீட்டு அடுப்படியில் போடும் உப்பு, சோயா சாஸ், ஊறவைத்த காய்கறி ஆகியவற்றிலிருந்தே வருகிறது. அதனால்தான் உப்பையே மாற்றிக் கொடுத்துப் பார்க்க முடிந்தது. 600 கிராமங்களில் 20,995 பேர். பக்கவாதம் வந்தவர்கள் அல்லது 60 வயதைத் தாண்டிய ரத்த அழுத்தக்காரர்கள். பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்பு. மீதிப் பாதிக்கு 75 பங்கு சோடியம் குளோரைடும் 25 பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு. ஐந்தாண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில், ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு 33.65 என்றிருந்த பக்கவாதம் 29.14 ஆனது, இறப்பு 44.61-இலிருந்து 39.28 ஆனது. தீவிரச் சிறுநீரக நோய் உள்ளவர்களையும் பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் சிறுநீர்ப்பெருக்கி மருந்து எடுப்பவர்களையும் அதில் சேர்க்கவில்லை. ‘எல்லாருக்கும் நல்லது’ என்று எழுதும்போது இதை விட்டுவிடுகிறார்கள்.

60 முதல் 80 வயது வரை உள்ள 8,511 பேரை வைத்து நடந்த ஸ்டெப் ஆய்வில் (2021) மேல் அழுத்தத்தை 110–130-க்குள் இறக்கிய அணிக்கும் 130–150-க்குள் வைத்த அணிக்கும் இதய, ரத்தநாள நிகழ்வுகள் முறையே 3.5, 4.6 சதவீதம். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள் அதில் இல்லை. 80-ஐத் தாண்டியவர்களும் இல்லை. உங்கள் தரவில் இரண்டு வகையினரும் இருப்பார்கள். அந்த முடிவை அப்படியே இவர்கள்மேல் ஏற்ற வேண்டாம்.

முடக்கத்தைப் பற்றி ஒன்று. அன்றாட அடிப்படை வேலைகள் ஆறு: உடுத்துவது, குளிப்பது, உண்பது, படுக்கையில் ஏறி இறங்குவது, கழிவறை, மலசலக் கட்டுப்பாடு. இவற்றில் சிக்கல் குறைவு. சமைப்பது, கடைக்குப் போவது, காசுக் கணக்கு, மருந்து எடுத்துக்கொள்வது என்ற இரண்டாம் பட்டியலில்தான் மாட்டிக்கொள்வீர்கள். வாழ்நாளில் அடுப்பைத் தொடாத தாத்தா ‘சமைக்க முடியாது’ என்பார், அது முடக்கமல்ல. ஆண், பெண் இருவருக்கும் தனித்தனியாக ஓட்டுங்கள், அல்லது அடிப்படைப் பட்டியலோடு நிறுத்துங்கள். உடல்வலுவை நேரடியாக அளந்ததும் இருக்கிறது: கைப்பிடி வலு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழும் நேரம், 2.5 மீட்டர் நடை. ஆசிய வரம்புப்படி பிடிவலு ஆணுக்கு 28 கிலோவுக்குக் கீழ், பெண்ணுக்கு 18-க்குக் கீழ் என்றால் குறைவு. ஐந்து முறை எழ 12 விநாடியோ மேலோ ஆனால் குறைவு. ‘முயலவில்லை’ என்று குறித்தவர்களை விடுபட்ட தரவாகத் தள்ளிவிடாதீர்கள். முதியவர் எழ முயலாததற்குப் பெரும்பாலும் எழ முடியாததே காரணம். ஏன் முயலவில்லை என்று பதிவு செய்திருப்பார்கள், அதைப் படித்துவிட்டுப் பிரியுங்கள்.

---

குடிநலம்72:

இருவருக்கும் நன்றி. ‘0’ ஒட்டியதும் இணைந்துவிட்டது. நான்கு கட்டமாகப் பிரித்ததும் ‘இருக்கிறது, தெரியாது’ கூட்டத்தில் கிராமத்து ஆட்கள் குவிகிறார்கள், நீங்கள் சொன்னபடியே. ஆனால் ரத்தம் கொடுத்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டால் ஆட்கள் மளமளவென்று குறைகிறார்கள். இறப்பு நாள் சிக்கலும் பஞ்சமும் இன்னும் பாக்கி.

---

எண்சுவடி பதில்:

பஞ்சத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் உங்கள் தரவில் அதற்கு இடமே இல்லை. 1959–61-இல் கருவில் இருந்தவருக்கு 2011-இல் வயது 49 முதல் 52 வரை. நீங்களோ 60 நிறைந்தவர்களை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். உங்கள் கூட்டத்தில் மிக இளையவரே பஞ்சம் தொடங்கும்போது எட்டு வயதுப் பிள்ளை. கேட்க முடிந்தது சிறுவயதில், இளமையில் பட்டினி கிடந்ததன் விளைவை மட்டுமே. வழிகாட்டி கேட்பது வேறு ஆய்வு. அதற்கு 45 வயதிலிருந்து எடுக்க வேண்டும்.

எடுத்தாலும் ஒரு பழைய பள்ளம் காத்திருக்கிறது. பஞ்சத்தில் பிறந்தவர்களை அதற்குப் பின் 1962–64-இல் பிறந்தவர்களோடு மட்டும் ஒப்பிட்டு ‘சர்க்கரை அதிகம்’ என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம். முன்னவர் மூன்று வயது மூத்தவர், சர்க்கரை வயதோடு ஏறும். அளந்தது வயதின் வேலையை, பெயர் பஞ்சத்துக்கு. பஞ்சத்துக்கு முன்பு பிறந்தவரையும் பின்பு பிறந்தவரையும் சேர்த்து ஒப்பீட்டுக் கூட்டமாக வைத்தால் வயது ஏறத்தாழச் சமமாகும், அந்த ‘விளைவில்’ பெரும்பகுதி கரைந்துவிடும். மாகாணவாரியாகப் பஞ்சத்தின் கொடுமை மாறியதைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. அன்ஹுயியும் சிச்சுவானும் பட்ட பாடு வேறு மாகாணங்கள் பட்டதல்ல.

இறப்பு நாள்: பலருக்கு, இந்தச் சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் இறந்தார் என்று மட்டுமே தெரியும். இரண்டு சுற்றுகளின் நடுப்புள்ளியை இறந்த நாளாகப் போட்டு காக்ஸ் மாதிரி (இறப்பு வரையான காலத்தை வைத்து அபாயத்தைக் கணக்கிடும் முறை) ஓட்டுவார்கள். 2015-க்கும் 2018-க்கும் இடையில் மூன்று ஆண்டு கிடக்கிறது. எல்லாரும் ஒரே நாளில் செத்ததாகக் கணக்கு. அதைவிட, ஒவ்வொரு இடைவெளியையும் ஒரு வரியாக்கி, காம்ப்ளிமென்டரி லாக்-லாக் இணைப்போடு (அந்த இடைவெளியில் இறந்தாரா இல்லையா என்பதை மட்டும் வைத்துக் கணக்கிடும் முறை) ஓட்டுங்கள். இடைவெளி எத்தனை ஆண்டு என்பதன் லாகரிதத்தை ஆஃப்செட்டாக (கெழுவை 1 என்று நிறுத்திய மாறியாக) போடுங்கள். வரும் எண்ணை அபாய விகிதமாகவே படிக்கலாம். காணாமல் போனவரை உயிரோடிருப்பவராகக் குறித்துவிடாதீர்கள். ‘தொடர்பு கிடைக்கவில்லை’ என்பது தனி நிலை.

முதல் இரண்டு ஆண்டு இறப்புகளை நீக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சாகப்போகிறவர் எடை இழப்பார், அழுத்தம் இறங்கும், புகைப்பதை விடுவார். அப்படியே விட்டால் ஒல்லியாக இருப்பதும் சிகரெட்டை விடுவதும் ஆபத்து என்று வரும். புகைப்பதில் ‘முன்பு புகைத்தவர்’ என்ற கூட்டம் சீனாவில் பெரும்பாலும் நோய் வந்த பிறகு மருத்துவர் சொல்லி விட்டவர்கள். ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் புகைக்கிற, பெண்களில் சுமார் 2 சதவீதம் மட்டுமே புகைக்கிற நாடு அது. ஆண் பெண்ணைச் சேர்த்து ஓட்டிப் புகையைச் சரிசெய்தேன் என்று சொல்வதில் பொருளே இல்லை. பெண்களின் நுரையீரலுக்கு வேறு கேள்வி கேட்க வேண்டும்: அடுப்பில் என்ன எரித்தார்? யுன்னானின் சுவான்வெய் பகுதியில், புகைக்காத பெண்களுக்கு நுரையீரல் புற்று அத்தனை அதிகமாக வந்ததற்கு வீட்டுக்குள் புகைபோக்கி இல்லாமல் எரித்த, புகை கக்கும் நிலக்கரியே காரணம். புகைபோக்கி வைத்த வீடுகளில் அது குறைந்தது. சமையல் எரிபொருள் என்ன என்ற கேள்வி சார்ல்ஸில் இருக்கிறது.

ரத்தம் கொடுக்காதவர்கள்: 2011-இல் 17,708 பேரில் 11,847 பேர், அதாவது மூன்றில் இரண்டு பங்கினர்தான் கொடுத்தார்கள். கொடுத்தவரும் கொடுக்காதவரும் ஒரே மாதிரி ஆட்கள் அல்ல. ரத்தத்துக்கென்றே தனி எடைகள் (கொடுக்காதவர்களை ஈடுகட்டும் பெருக்கல் எண்கள்) தரவோடு தந்திருக்கிறார்கள், அதைப் பயன்படுத்துங்கள். ஆய்வுக்கான ஆட்கள் கிராமம், குடியிருப்பு வாரியாகக் கொத்துக் கொத்தாக எடுக்கப்பட்டார்கள் (150 மாவட்டங்களில் 450 இடங்கள்). திட்டப் பிழையை (மதிப்பீடு எவ்வளவு தள்ளாடும் என்ற அளவை) அந்த இட எண்வாரியாகக் கொத்தாக்கிக் கணக்கிடுங்கள். இல்லாவிட்டால் நம்பக இடைவெளி பொய்யாகச் சுருங்கும்.

தராசுமுள்ளோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். அளந்ததைச் சேர்த்துவிட்டால் எண்ணிக்கை சரியாகிவிடும் என்ற தொனி இருக்கிறது. 14 நோயில் அளந்து திருத்த முடிந்தது மூன்றோ நான்கோதான். மூட்டுவலியையும் வயிற்று நோயையும் யார் அளந்தார்கள்? அவை இரண்டும் முதியோர் சொல்லும் பட்டியலில் மிக மேலே இருப்பவை. ஆளை மெல்ல முடக்குபவை, கொல்பவை அல்ல. பக்கவாதத்துக்கும் ஒரு புள்ளி, வயிற்றெரிச்சலுக்கும் ஒரு புள்ளி என்று எண்ணி இறப்போடு தொடர்பு தேடினால் தண்ணீர் கலந்த பால்தான் கிடைக்கும். மூன்று கொத்தாகப் பிரியுங்கள்: இதயம், ரத்தநாளம், சர்க்கரை ஒன்று, நுரையீரல் ஒன்று, மூட்டும் வயிறும் ஒன்று. முதல் இரண்டு இறப்போடு போகும், மூன்றாவது முடக்கத்தோடும் மனச்சோர்வு மதிப்பெண்ணோடும் போகும்.

---

தராசுமுள்:

ஒப்புக்கொள்கிறேன், ‘எண்ணிக்கை’ என்ற சொல்லையே தலைப்பிலிருந்து எடுத்துவிடலாம்.

விட்டுப்போன இரண்டு. ஒன்று, 2013 முதல் பேட்டியாளர் பழைய பதிலைப் படித்துக் காட்டுவார்: ‘சென்றமுறை சர்க்கரை என்றீர்கள், சரிதானே?’ சிலர் மறுப்பார்கள். மறுத்தால் பழையதை அழிப்பதா, வைத்திருப்பதா என்று முதலிலேயே முடிவு செய்து எழுதிவையுங்கள். இரண்டு விதமாகவும் ஓட்டி எத்தனை பேர் மாறுகிறார்கள் என்று காட்டினால் மதிப்பாய்வாளர் வாய் அடைபடும். இரண்டு, 2009 முதல் 65 வயது நிறைந்தவர்களுக்கு அரசின் அடிப்படைப் பொதுச் சுகாதாரத் திட்டத்தில் ஆண்டுக்கொரு முறை இலவசப் பரிசோதனை. 64-இல் ‘இல்லை’ என்றவர் 66-இல் ‘உண்டு’ என்றால் அது புது நோயாக இருக்க வேண்டியதில்லை, பரிசோதனைக்குப் போயிருப்பார். ‘புதிதாக வந்த நோய்’ என்று விளைவு வைக்கிறவர்கள் இங்கே வழுக்குகிறார்கள்.

மறதி நோயையும் சுயபதிலை வைத்து எடுக்க வேண்டாம். 60-ஐத் தாண்டிய சீனர்களில் 6 சதவீதத்தினருக்கு அறிவுத்திறன் வீழ்ச்சி நோய் என்று 2020-இல் வெளியான கணக்கு சொல்கிறது. அதை மருத்துவர் வாயால் கேட்டவர்கள் குறைவு. பத்துச் சொல்லை நினைவில் வைத்துச் சொல்வதை எடுங்கள். 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதைப் பள்ளிக்கே போகாத பாட்டியிடம் கேட்டு, தவறினால் மூளை தேய்ந்தது என்று எழுதக் கூடாது. படிப்பு நிலைவாரியாகத் தனித்தனி வரம்பு வையுங்கள்.

---

நாடிபார்ப்பவர்:

நான்கு கட்ட அட்டவணையைப் பார்த்துவிட்டு ‘தெரிந்துகொண்டால் மட்டும் என்ன பயன்’ என்று கேட்பார்கள். கையில் பதில் இருக்கட்டும். சீனாவின் 326 கிராமங்களில் 33,995 பேரை வைத்து நடந்த சோதனையில் கிராம மருத்துவர்களுக்கே எளிய மருந்துப் படிநிலையைக் கற்றுக்கொடுத்து, 130/80-க்குக் கீழே என்று இலக்கு வைத்தார்கள். அவர்களுக்கு மேல்நிலையில் உள்ள மருத்துவர்கள் கண்காணித்தார்கள், மருந்துச் செலவு குறைக்கப்பட்டது, வீட்டிலேயே அழுத்தம் அளக்கப்பட்டது. பதினெட்டு மாதத்தில் இலக்கைத் தொட்டவர்கள் 57 சதவீதம். வழக்கமான கவனிப்பில் இருந்த கிராமங்களில் 19.9. மூன்று ஆண்டுகளில் இதய, ரத்தநாள நிகழ்வுகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ‘தெரியும், கட்டுக்குள் இல்லை’ என்ற உங்கள் மூன்றாவது கட்டம் எவ்வளவு பெரிதோ, அந்த ஏற்பாட்டுக்கு அவ்வளவு வேலை இருக்கிறது. ஆகவே மூன்றாவது கட்டத்தை மருந்து எடுப்பவர், எடுக்காதவர் என்று மறுபடி இரண்டாக உடைத்துவிடுங்கள்.

---

எண்சுவடி:

இந்தியாவோடு ஒப்பிடும் எண்ணம் இருந்தால், லாசி ஆய்வின் முதல் சுற்று (2017–18, 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களின் துணைவர்களுமாக 72,250 பேர்) இதே குடும்பத்தைச் சேர்ந்தது. கேள்விகள் பெரும்பாலும் ஒத்துப்போகும், தமிழ்நாட்டைத் தனியாகவும் பிரிக்கலாம். ஆனால் அங்கே விரல்நுனியில் குத்தி வடிதாளில் உலர்த்திய ரத்தம், சார்ல்ஸில் ரத்தக்குழாயிலிருந்து ஊசியால் எடுத்த ரத்தம். எச்பிஏ1சி-யை நேருக்கு நேர் வைக்கும் முன் மாற்றுச் சமன்பாட்டைப் பாருங்கள். ரத்த அழுத்தத்தை வைத்துத் தொடங்குவது சுலபம், இரண்டிலும் மூன்று அளவு இருக்கிறது.